செத்த பீப்பர்

காது என்றால் அப்படி ஒரு காது. பானெட்டைத் திறக்கக்கூட வேண்டாம்; சாவியைத் திருகச் சொல்லிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். “ரிலே ஒட்டிக்கிச்சு,” என்பார். “ஃபேன்ல ஏதோ ஒயர் உரசுது,” என்பார். திறந்து பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். அதனால்தான் அந்த ஒர்க்‌ஷாப் தெருவில் அவருக்குப் பாம்புக்காதுக்காரர் என்று பெயர் விழுந்தது. கார் எலக்ட்ரீஷியனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் என்ன வேண்டும்? ஒவ்வொரு தடவையும் முழுப்பட்டத்தையும் சொன்னால் நமக்கு வாய் வலிக்கும்; காதுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தக் காது போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அடியோடு போய்விடவில்லை. லாரி ஹார்ன் கேட்கும், கதவைச் சாத்தினால் கேட்கும், கிட்டே நின்று தொண்டையைத் திறந்து பேசினால் கேட்கும். கீச்சென்று மெல்லிசாக வருகிற சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. முப்பது வருஷம் ஹார்னுக்கு நேராகத் தலையை நீட்டிக்கொண்டு “அடி, இன்னொரு தடவை அடி” என்று டெஸ்ட் பண்ணிய மனுஷனுக்கு வேறென்ன ஆகும்? ஆனால் ஒத்துக்கொண்டால்தானே! காதில் கோளாறே இல்லை, உலகம்தான் முணுமுணுக்கிறது என்பது அவர் கட்சி. “இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாயைத் திறந்து பேசினா முத்து உதிர்ந்துடுமா?” என்று வீட்டில் கத்துவார். டிவியை அவர் வைக்கிற சத்தத்தில் மேல்வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியைப் போடுவதையே விட்டுவிட்டார்கள்.

உள்ளுக்குள்ளே ஒரு மூலையில் அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஊர் வண்டிக்கெல்லாம் விளக்கு போட்டவர், அந்த மூலைக்கு மட்டும் போடாமல் விட்டிருந்தார். முன்போலத் தலையைச் சாய்த்துக் குறி சொல்வது இப்போது குறைந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் டெஸ்ட் லேம்ப்தான். ஒரு முனையை வண்டியின் இரும்பில் மாட்டி, இன்னொரு முனையால் ஒயரைக் குத்தினால், கரண்ட் இருந்தால் பல்பு எரியும். “லேம்ப் பொய் சொல்லாது,” என்பார் பெருமையாக. பொய் சொல்லாதுதான். அந்த லேம்ப்தான் அவரைக் கவிழ்த்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்பு இரண்டு தடவை வந்தவர்தான். கணீரென்று பேசுவார். வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்கவேண்டிய குரல் அல்லவா, அதனால் காதுக்காரருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். “டீச்சர் மாதிரி எல்லாரும் பேசினா நாடு உருப்பட்டுடும்,” என்பார்.

“அண்ணே, இந்த வண்டி பூட்டுறப்போ பாம்னு ஒரு ஹார்ன் அடிக்குதே, அதை மாத்தித் தரணும். மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் வீட்டுக்கு வர்றேன். ஜன்னலுக்கு நேர் கீழேதான் வண்டியை விடணும். அப்பதான் அம்மா புள்ளையைத் தூங்க வெச்சிருப்பாங்க. நான் பட்டனை அமுக்கினதும் பாம்! அவன் வீல்னு எந்திரிச்சான்னா அன்னிக்கு எனக்குச் சோறு கிடையாது.”

“அப்போ சத்தத்தையே நிறுத்திடலாமே டீச்சர்.”

“நிறுத்திட்டா பூட்டுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? வெயில்ல லைட்டு மின்னுறதும் கண்ணுல படாது. போன மாசம் பூட்டாம விட்டுட்டு, ஒரு வகுப்போட விடைத்தாள் பையை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்.”

“அடடா.”

“போனவன் திருத்தியாவது அனுப்பியிருக்கலாம்! நாப்பது பசங்களுக்கு மறுபடி பரீட்சை வெச்சேன். எல்லாரும் என்னைத் திட்டினாங்க. சின்னதா ஒரு சத்தம் போதும்ணே. எனக்குக் கேக்கணும், மேல தொட்டில்ல இருக்கிறவனுக்குக் கேக்கக்கூடாது.”

“வண்டியே உங்க காதுகிட்ட வந்து ரகசியமா சொல்லணும்ங்கறீங்க,” என்று காதுக்காரர் சிரித்தார். “விட்டுட்டுப் போங்க. சாயந்திரம் வாங்கிக்கலாம்.”

இதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. சாவிப் பொத்தானை அமுக்கினால் கதவைப் பூட்டுகிற பெட்டியிலிருந்து ஹார்னுக்குப் போகிற மெல்லிய ஒயர் ஒன்று இருக்கும். அதை மட்டும் வெட்டிவிட்டால், ஸ்டீயரிங்கில் அடிக்கும்போது ஹார்ன் வழக்கம்போல் அடிக்கும். பூட்டும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ளும். வெட்டின முனையில் சுண்டுவிரல் நக அகலத்தில் கீச்சென்று கத்துகிற ஒரு சின்ன பீப்பரைச் சால்டர் ஈயம் வைத்துப் பிடித்து, மேலே டேப்பைச் சுற்றி, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கறுப்புத் தட்டுக்குள் ஒளித்துவைத்தால் வேலை முடிந்தது. சத்தம் அதிகமாக இருந்தால் பீப்பரின் ஓட்டை மேல் இன்னொரு துண்டு டேப். அவ்வளவுதான்.

பீப்பர் மைத்துனர் கடையில் வாங்கினது. காதுக்காரர் மனைவியின் தம்பி அதே தெருமுனையில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருந்தார். ஒன்றுக்கு மூன்றாக வாங்கிவைத்துக்கொள்வது இவர் வழக்கம்.

முதலில் வெட்டின முனையில் டெஸ்ட் லேம்பைப் பிடித்தார். சாவிப் பொத்தானை அமுக்கினார். பல்பு ஒரு மின்னல் மின்னி அணைந்தது. பேஷ். பீப்பரைச் சேர்த்தார், அமுக்கினார். கதவு நான்கும் டக்கென்று பூட்டிக்கொண்டன. பீப்பர் வாயே திறக்கவில்லை.

சால்டரைத் திரும்ப வைத்துப் பார்த்தார். லேம்பைக் குத்தினார், மின்னியது. கரண்ட் வருகிறது, எர்த் சரியாக இருக்கிறது, ஆனால் இது கத்தவில்லை. அப்படியானால் பீஸ் செத்தது என்று அர்த்தம். இரண்டாவதை மாட்டினார். அதுவும் செத்தது. மூன்றாவதை மாட்டினார். பொத்தானை இருபது தடவையாவது அமுக்கியிருப்பார். டக், டக் என்று கதவு மட்டும் பூட்டித் திறந்து பூட்டித் திறந்து அவரைக் கேலி செய்தது.

மூன்றும் கத்தின. இருபது தடவையும் கத்தின. இது அவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியப்போகிறது. நமக்கு இப்போதே தெரிந்துவிட்டால் குடிமுழுகிவிடாது.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. சாயந்திரம் டீச்சர் வந்து நிற்பார், அவருக்கு என்ன பதில் சொல்வது? ஒரு பீப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று தெருமுனைக்கு நடந்தார்.

கடையில் நல்ல கூட்டம். வேன் ஓட்டுகிறவர் ஒருவர், டயர்க்கடைக்காரர், பெயிண்டர், பல்பு வாங்க வந்த இரண்டு பேர். காதுக்காரர் படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“என்னடா மச்சான், என்ன சரக்கு விக்கிற நீ? மூணு பீஸ் கொடுத்தே, மூணும் செத்தது! ஒண்ணு போனா பரவாயில்ல, மூணும் போகுமா?”

கல்லாமேஜை மேல் எப்போதும் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மைத்துனர் பீப்பரை வாங்கி அதன் இரண்டு ஒயரையும் பேட்டரியில் வைத்தார்.

கீங்ங்ங் என்றது பீப்பர். பல்பு வாங்க வந்தவர்களில் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வேன்காரர் “ஆங், நல்லாத்தானே...” என்று வாயெடுத்தார்.

“பாத்தியா!” என்றார் காதுக்காரர். “பாத்தீங்களா எல்லாரும்? சத்தம் வருதா? எங்கே வருது? செத்தது!”

மைத்துனர் தலைநிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தார். ஒயர் இன்னும் பேட்டரி மேல்தான் இருக்கிறது, பீப்பர் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒயரை எடுத்தார். வேன்காரர் பக்கம் லேசாகக் கையைக் காட்டினார், பேசாதீர்கள் என்பதுபோல.

“ஆமாம் அத்தான். செத்த பீஸ்தான்.”

உதட்டசைவைப் பார்த்தே காதுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஒத்துக்கொண்ட ஆளைப் போட்டு மிதிக்கிற புத்தி எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை, நாக்கு அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

“தெரிஞ்சே வித்திருக்கே! அக்கா புருஷன்தானே, கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போவான்னு என் தலையிலயே கட்டியிருக்கே! என்கிட்டயே இந்த ஃப்ராடு வேலைன்னா, ஊரானுக்கு என்னென்ன பண்ணுவே? ஃப்ராடு!”

ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஐந்து பேருக்கும் பீப்பர் கத்தினது கேட்டிருந்தது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பெயிண்டர் தன் கையில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மைத்துனர் உள்ளே போய், அட்டைப்பெட்டி ஒன்றைத் துழாவி, தீப்பெட்டி அளவில் ஒரு பஸரைக் கொண்டுவந்தார். பேட்டரியில் வைத்தார். ட்டூம் என்று கனமாக ஒரு சத்தம்.

“இது பேசுது!” என்று காதுக்காரர் பிடுங்கிக்கொண்டார். “இதை முதல்லயே கொடுக்கறதுக்கு என்ன?”

அதை மாட்டி, சாயந்திரம் டீச்சரிடம் வண்டியை ஒப்படைத்தார். டீச்சர் பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது கொஞ்சம் கனமா இல்ல?” என்றார். “மேல போயிட்டா தெரியாது டீச்சர்,” என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு செய்ததுதான் பெரிய அநியாயம். மறுநாள் டீக்கடையில், டயர்க்கடையில், பெயிண்டர் ஷெட்டில், டிங்கரிங் பட்டறையில், ஒரு இடம் பாக்கி விடவில்லை. “என் மச்சான்னு பாக்கமாட்டேன். அங்க வாங்காதீங்க. பூரா செத்த சரக்கு. பெரிய ரோட்டுக் கடைக்குப் போங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். “சரிண்ணே,” என்றார்கள். தன் சொல்லுக்குத் தெருவில் இருக்கிற மதிப்பை நினைத்துக் காதுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தட்டை ணங்கென்று வைத்தார். அது கேட்டது. பிறகு எதிரே உட்கார்ந்து உரக்கவே ஆரம்பித்தார்.

“தம்பி கடைக்குப் போயிருந்தேங்க. ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கான். ரெண்டு நாளா ஒருத்தரும் படியேறல.”

“ஏறமாட்டாங்க. சரக்கு அப்படி.”

“என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். ‘அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா’ன்னான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல.”

“பாத்தியா? அவனே ஒத்துக்கிட்டான்!”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கல்யாணமாகி வந்தபோது அந்தத் தம்பிக்குப் பன்னிரண்டு வயது. அத்தான் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். கடை திறந்தபோது போர்டுக்கு லைட் போட்டுக் கொடுத்தவரே இந்த அத்தான்தான். அதையெல்லாம் மனைவி சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தாலும், சமையலறையில் நின்று சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டீச்சர் வந்தார். இடுப்பில் குழந்தை. ஏழு மாதம், பல் இரண்டு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத வீக்கம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே அளவில்.

“லீவு போட்டுட்டேன்ணே. பழைய ஹார்னே தேவலை போலிருக்கு! இது ட்டூம்னு அடிவயித்துல இருந்து வருது. ரெண்டு நாளா புள்ளையும் தூங்கல, நானும் தூங்கல. சின்ன சத்தமா ஒண்ணு போட்டுக் கொடுங்கண்ணே.”

“சின்னதுதான் முதல்ல போட்டேன் டீச்சர். மூணும் செத்த பீஸ். என் மச்சானே ஏமாத்திட்டான். நம்பலைன்னா நீங்களே பாருங்க.”

மேஜை மேல் மீதி இரண்டு பீப்பரும் கிடந்தன. ஒன்றை எடுத்து, கீழே கிடந்த பேட்டரியில் ஒயரை வைத்தார். “பாத்தீங்களா? ஒண்ணும் கிடையாது.”

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். ஆனால் குழந்தை வெடுக்கென்று திரும்பியது. பீப்பரையே பார்த்தது. காதுக்காரர் ஒயரை எடுத்தார். குழந்தை அம்மாவின் சங்கிலியைக் கடிக்கப் போய்விட்டது. ஏதோ ஒரு சந்தேகத்தில் திரும்ப ஒயரை வைத்தார். குழந்தை திரும்பியது, இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்தது. எடுத்தார். சங்கிலி. வைத்தார். திரும்பிச் சிரித்தது, கையை நீட்டி எம்பியது.

இரண்டாவது பீப்பரை எடுத்தார். குழந்தையின் முதுகுப் பக்கமாக, அது பார்க்காதபடி வைத்தார். குழந்தை கழுத்தைத் திருப்பித் தேடியது.

ஊரே நாசூக்காக இருந்துவிடலாம். ஏழு மாதக் குழந்தைக்கு நாசூக்கு எங்கே தெரியும்?

“கத்துதா டீச்சர்?” என்று கேட்டார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

டீச்சர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். “கத்துதுண்ணே. நல்லாத்தான் கத்துது.”

“அதுவும்?”

“ரெண்டும்தான்.”

காதுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மைத்துனர் நிமிர்ந்து பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. பல்பு வாங்க வந்தவர் திடுக்கிட்டது, வேன்காரர் பாதியில் விழுங்கியது, பெயிண்டர் பெயிண்டைச் சுரண்டியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கத்திக்கொண்டிருந்த பீப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ‘செத்த பீஸ்தான் அத்தான்’ என்றிருக்கிறான்! தன் வியாபாரத்தின் மேல் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான். எதற்கு? ஐந்து பேர் நடுவில் இந்தக் கிழட்டுச் செவிடனின் மானம் போகக்கூடாது என்பதற்கு. அதற்கு இவர் கொடுத்த கூலி, ஃப்ராடு. வெட்கம் என்றால் சாதாரண வெட்கமா? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் என்றிருந்தது. உடம்பெல்லாம் கூசியது.

“அண்ணே, தண்ணி குடிக்கறீங்களா?”

“வேண்டாம் டீச்சர். போட்டுக் கொடுத்துடறேன்.”

பஸரைக் கழற்றி, சின்னதை மாட்டினார். கை தன் வேலையைச் செய்தது. மாட்டி முடித்ததும் பிரச்சினை வந்தது: எவ்வளவு டேப் ஒட்டுவது? முப்பது வருஷத்தில் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை.

“டீச்சர், நீங்கதான் கேட்டுச் சொல்லணும்.”

டீச்சர் பொத்தானை அமுக்கினார். “கொஞ்சம் அதிகம்ணே.” ஒரு துண்டு டேப். “இன்னும் லேசா.” இன்னொரு துண்டு. பத்தடி தள்ளிப்போய் நின்று அமுக்கினார். “இப்ப சரி.” காதுக்காரர் பானெட்டுக்குள் குனிந்தபடியே நின்றார். அவர் கேட்டதெல்லாம் கதவு பூட்டுகிற டக் மட்டும்தான். குழந்தை இந்தத் தடவை திரும்பவில்லை, அம்மா தோளிலேயே தூங்கிப்போயிருந்தது. டீச்சர் போகும்போது வழக்கமான கணீர்க் குரலில் எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். அந்தக் கரிசனம் கன்னத்தில் அறைந்ததைவிட மோசமாக இருந்தது.

சரி, நேரே மைத்துனர் கடைக்குப் போனார் என்று நினைக்கிறீர்களா? போகவில்லை. மனுஷ மனசு அவ்வளவு லேசில் குனியுமா? வழியில் ஒரு குறுக்குப் புத்தி வந்தது. காதைப் பற்றிப் பேச்செடுக்காமலே இதைச் சரிசெய்துவிடலாமே! டயர்க்கடை வாசலில் நின்றார். டயர்க்கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த்தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

“தம்பி, மச்சான் கடையில புது லோடு வந்திருக்காம். இப்ப சரக்கு பரவாயில்லையாம். இனிமே அங்கயே வாங்கிக்கலாம்.”

டயர்க்கடைக்காரர் தலையாட்டினார். “சரிண்ணே.”

அதே தலையாட்டல். செவ்வாய்க்கிழமை ‘வாங்காதீங்க’ என்றபோதும் இதே ‘சரிண்ணே’தான். நம்பினவன் தலையாட்டுகிற மாதிரி இல்லை அது. அழுகிற பிள்ளைக்கு ‘ஆமாண்டா கண்ணு’ என்பார்களே, அந்த மாதிரி. காதுக்காரருக்கு அது இப்போதுதான் உறைத்தது.

“தம்பி, இங்க பாரு. புது லோடெல்லாம் ஒண்ணும் வரல. பழைய சரக்கே நல்ல சரக்குதான்.” தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனக்குத்தான் காது கேக்கல.”

டயர்க்கடைக்காரர் ட்யூபைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். கிட்டே வந்தார்.

“தெரியும்ணே.”

“என்ன தெரியும்?”

“காது. ரெண்டு வருஷமாவே தெரியும். அன்னிக்கு வேன் பின்னாடி வந்துச்சே, ரிவர்ஸ் பீப்பர் அந்தக் கத்து கத்துச்சு, நீங்க நகரவே இல்ல. பெயிண்டர்தான் சட்டையைப் புடிச்சு இழுத்தாரு. சட்டை கிழிஞ்சிடுச்சுன்னு நீங்க அவரைத் திட்டினீங்களே. அப்பவே தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.”

தெருவில் எல்லாருக்கும்! இரண்டு வருஷமாக இவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம், ஊரறிந்த விஷயம். பாம்புக்காதுக்காரர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததெல்லாம் பழக்கதோஷம், அல்லது இரக்கம். மானம் கப்பலேறி இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, கப்பலுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தகவல் இல்லை.

“அப்போ,” என்றார், “கடையில அது கத்தினது உனக்குக் கேட்டுச்சு.”

“கேட்டுச்சுண்ணே.”

“நல்ல சரக்குன்னு தெரியும். அப்புறம் எதுக்குடா அவன் கடைக்குப் போகாம விட்டீங்க? மூணு நாளா ஈ ஓட்டறான்!”

டயர்க்கடைக்காரர் நெளிந்தார். “நீங்க போகாதேன்னு சொன்னீங்க. மீறிப் போனா, உங்களுக்குக் காது கேக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆயிடுமேண்ணே. யாருக்கும் மனசு வரல. உங்க மச்சானே எங்ககிட்ட வந்து சொன்னாரு, ‘அத்தான் மனசு நோகற மாதிரி யாரும் எதுவும் பேசிடாதீங்க’ன்னு. பெயிண்டர்கூட கேட்டாரு, அப்போ உங்க வியாபாரம் என்னாகும்னு. ‘அது பாத்துக்கலாம்’னுட்டாரு.”

காதுக்காரர் அடுக்கியிருந்த டயர் மேல் கையை ஊன்றிக்கொண்டார். கெட்ட எண்ணத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து, வயசான மனுஷன் மனசு நோகக்கூடாதே என்று, ஒரு நல்லவன் கடையைப் பட்டினி போட்டிருக்கிறது. இவருடைய ஒரு பொய்க்கு எத்தனை பேர் மரியாதையாகச் சந்தா கட்டியிருக்கிறார்கள்!

“வா என்கூட,” என்றார். “பெயிண்டரையும் கூப்பிடு. அன்னிக்கு யார் யார் இருந்தாங்களோ எல்லாரும் வரட்டும்.”

“எதுக்குண்ணே? விடுங்க, நாங்க நாளைல இருந்து...”

“வாடா!”

வேன்காரர் கிடைக்கவில்லை. பல்பு வாங்கின இரண்டு பேர் யாரென்றே தெரியாது. டயர்க்கடைக்காரர், பெயிண்டர், சத்தம் கேட்டு வந்த டிங்கர் என்று மூன்று பேர் பின்னால் வர, காதுக்காரர் தெருமுனைக்கு நடந்தார். திங்கட்கிழமை அந்த நடை என்ன விறைப்பு! இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்று டீக்கடை அருகே ஒரு தடவை நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவர்கள் முகத்தில் திரும்பவும் அந்த ‘சரிண்ணே’ தயாராக இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நடந்தார்.

மைத்துனர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தானைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கூடவே மூன்று பேரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. இன்னொரு ரவுண்டு வசவு என்று நினைத்திருப்பார், பாவம்.

“மச்சான்,” என்றார் காதுக்காரர். வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார். “அந்தப் பீப்பர் மூணும் நல்லா இருக்கு. அன்னிக்கு இங்க கத்திட்டுத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் காது கேக்கல. எனக்குக் காது போயிடுச்சு. செத்த சரக்குன்னு தெரு பூரா நான் சொன்னது பொய். தப்பு என் மேல.”

மைத்துனர் பதறிப்போனார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். காதுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, கண் கலங்கியது. இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“கேக்கலடா. சத்தமா சொல்லு.”

திரும்பவும் உதடு அசைந்தது. டயர்க்கடைக்காரர் இவர் காதருகே வந்து, “உங்க முன்னாடி சத்தமா பேசிப் பழக்கம் இல்லைங்கறாருண்ணே,” என்றார்.

அக்கா புருஷன் முன்னால் குரலை உயர்த்தக்கூடாது என்று பன்னிரண்டு வயதில் பிடித்த மரியாதை. அந்த மரியாதையில் அவன் பேசினதெல்லாம் தாழ்ந்த குரலில். இந்த இரண்டு வருஷத்தில் அவன் பேசின ஒரு வார்த்தையாவது காதில் விழுந்திருக்குமா? உதட்டைப் பார்த்தும், குத்துமதிப்பாகவும் தலையாட்டியதுதான். அவனுக்கு என்ன வருத்தம், என்ன சந்தோஷம், இவருக்கு ஒன்றும் தெரியாது.

“பழக்கம் இல்லைன்னா இப்ப பழகு. அத்தான்னு பாக்காதே. மனசுல இருக்கறதைச் சொல்லு. எனக்குக் கேக்கற மாதிரி சொல்லு.”

மைத்துனர் கையை விட்டார். ஒரு அடி பின்னால் போனார். பிறகு, நாற்பது வயது மனுஷன், அந்தத் தெருவில் யாரும் கேட்டறியாத ஒரு குரலில் கத்தினார்.

“என்னை ஃப்ராடுன்னீங்க அத்தான்! என் கடையில நின்னு, எல்லார் முன்னாடியும் ஃப்ராடுன்னீங்க! அது கையில கத்திட்டு இருக்கு, நான் செத்துப்போச்சுன்னு சொல்றேன், அப்பவும் ஃப்ராடுன்னீங்க! உங்களுக்குக் காது கேக்கல, சரி! கண்ணு தெரியும்ல? இத்தனை வருஷமா என்னைப் பாத்தீங்கள்ல? அப்படிச் சொல்ல எப்படி அத்தான் வாய் வந்துச்சு?”

கத்தி முடித்துவிட்டு, தானே பயந்துபோனவர்போல வாயைப் பொத்திக்கொண்டார். எதிர்சாரியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பெயிண்டர் தரையைப் பார்த்தார்.

“கேட்டுச்சுடா,” என்றார் காதுக்காரர். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “இன்னும் இருந்தா, அதையும் சொல்லு.”